மின்கிற்றாரும் சிந்தசைசர்ப் பெடலும்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளைகளின் கல்வி, கலை ஆகியன குறித்துப் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அண்மைக்காலமாகத் திரும்பத் திரும்ப வருகின்றது. "மகன் கேட்டான் என்று மின்கிற்றார் வாங்கிக் கொடுத்தோம். இப்போது அதனோடு இணைத்துக் காலால் அழுத்தும் பெட்டி ஒன்றும் வேண்டும் என்கிறான். அதன் விலையோ கிற்றாரின் விலைக்குக் கிட்ட வருகிறது. இது உண்மையிலேயே தேவையான பொருளா? அல்லது கடைக் கண்ணாடிக்குள் பார்த்து ஆசைப்படுகிறானா?" என்பதே அக்கேள்வியின் சாரம். மகள்மார் கேட்பதாக எழுதும் தாய்மாரும் உளர்.

இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் தந்தைக்கும், ஊரிலுள்ள உறவுகளுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் குடும்பத்துக்கும் இது சிறிய கேள்வியன்று. அப்பெட்டி என்னவென்று அறியாமலே "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு பிள்ளை தனது அறைக் கதவைச் சாத்திக் கொள்வதையும் நாம் பல வீடுகளில் காண்கின்றோம். எனவே அப்பெட்டி என்ன செய்கின்றது, எதைச் செய்யாது, எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்பவற்றை இவ்வாரம் சற்று விரிவாக நோக்குவோம்.

கம்பியிலிருந்து மின்னலை

மரக்கிற்றாரில் ஒலியைப் பெருக்குவது அதன் வெற்றுடல். மின்கிற்றாருக்கு அத்தகைய வெற்றுடல் தேவையில்லை. அதன் உருக்குக் கம்பிகளின் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாக மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. இதனைப் 'பிக்கப்' என்பர். கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகின்றது. அம்மாற்றம் செப்புச் சுருளில் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. உயர்தர வகுப்பில் பௌதிகம் கற்ற பெற்றோருக்கு இது பழைய பாடந்தான்.

ஆகவே கிற்றாரிலிருந்து வெளியேறுவது ஒலியன்று. ஒலியின் வடிவத்தைத் தாங்கிய மின்னலை. அது அம்பிளிபயரை அடைவதற்கு முன்னர் அதனை வெட்டலாம், வடிகட்டலாம், தாமதிக்கச் செய்யலாம், இரட்டிக்கலாம். இவ்வேலைகளைச் செய்யும் சிறு பெட்டிகளே பெடல்கள். கைகள் இரண்டும் கிற்றாரில் இருப்பதால் அவற்றைக் காலால் இயக்குகின்றனர்.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

இப்பெட்டிகளின் வரலாறு ஒரு பழுதில் தொடங்குகின்றது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ரொபின்ஸ் என்ற பாடகரின் பாடலொன்று பதிவு செய்யப்பட்டபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றாரின் ஒலி கலவைக் கருவியிலிருந்த பழுது காரணமாகக் கரகரத்துச் சிதைந்து பதிவாகியது. 1961 இல் வெளிவந்த அப்பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னொடி, அதே சிதைவைத் திரான்சிஸ்ரர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றொன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962 இல் 'மைஸ்ரோ பஸ்-ரோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது.

அந்நிறுவனம் அப்பெட்டியை விளம்பரப்படுத்திய முறை கவனிக்கத்தக்கது. கிற்றாரைக் கொண்டு பித்தளைக் குழல்களையும் செலோவையும் போன்ற ஒலிகளைப் பெறலாம் என்றே அது கூறியது. 1965 இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸ் 'சற்றிஸ்பாக்ஷன்' பாடலில் அதனைப் பயன்படுத்தியதும், பின்னர் குழல்களைக் கொண்டு நிரப்புவதற்கான ஒரு மாதிரியாகத்தான். குழல்கள் வரவேயில்லை, அம்மாதிரியே உலகெங்கும் ஒலித்தது. கிற்றாரை வேறொரு கருவியாகப் பேசவைக்கும் ஆசை, ஆகவே, இன்றைய பிள்ளைகளின் புதுமோகமன்று. அதற்கு 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுண்டு.

சிந்தசைசர் என்பது வேறொரு வழியில் வந்தது. 1964 இல் அமெரிக்கரான றொபேர்ட் மோக் உருவாக்கிய கருவியில் கம்பியுமில்லை, குழலுமில்லை. அலையம் ஒன்று மின்னலையைப் பிறப்பிக்கும். வடிகட்டி அதன் கூர்மையைக் குறைக்கும் அல்லது கூட்டும். மூன்றாவதொரு பகுதி ஒலி எவ்வளவு விரைவாக எழுந்து எவ்வளவு மெதுவாக அடங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இதனை விசைப்பலகை கொண்டு இயக்கினர். கிற்றார் வாசிப்போருக்கும் இவ்வாய்ப்பு வேண்டுமென்ற முயற்சியின் விளைவே சிந்தசைசர்ப் பெடல்.

யப்பானின் றோலன்ட் நிறுவனம் 1977 இல் ஜி.ஆர்-500 என்ற தனது முதலாவது கிற்றார் சிந்தசைசரையும், 1980 இல் ஜி.ஆர்-300 ஐயும் வெளியிட்டது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் பற் மெதினி இரண்டாவது கருவியைத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்டார். 1982 இல் வெளிவந்த 'ஒப்ராம்ப்' இசைத்தட்டைக் கேட்போர், ஊதுகுழலுக்கும் மனிதக் குரலுக்கும் இடைப்பட்ட அவ்வொலியை உடனே அடையாளங் கண்டுகொள்வர்.

றோலன்ட் நிறுவனத்தைத் தொடக்கிய இக்குத்தாரோ ககேஹாஷி பற்றியும் எமது பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. 1930 இல் ஒசாக்காவில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். போரின் அழிவுக்கிடையே வளர்ந்தார். உடல்நிலை காரணமாகப் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பை இழந்தார். மணிக்கூடு திருத்திப் பிழைத்தார். பின்னர் தாமே காசநோயால் பீடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மருத்துவ நிலையத்தில் கிடந்தார். 1972 இல் றோலன்டை நிறுவிய அவருக்கு, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் 'மிடி' முறையை உருவாக்கியமைக்காக 2013 இல் டேவ் ஸ்மித் என்பவருடன் இணைத்துக் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. 2017 இல் அவர் காலமானார்.

மூன்று வகைகள்

கடைகளில் 'சிந்த்' என்ற பெயரில் விற்கப்படும் பெடல்கள் யாவும் ஒன்றல்ல. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது வகை, கம்பியின் அலையையே உருமாற்றுவது. நியூயோர்க்கின் இலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் வெளியிட்ட 'மைக்ரோ சிந்தசைசர்' இதற்கு எடுத்துக்காட்டு. அது கிற்றாரின் அலையைச் சதுர அலையாக வெட்டும். ஒரு ஸ்தாயி கீழேயும் மேலேயும் உள்ள ஒலிகளைச் சேர்க்கும். வடிகட்டியைத் தானே அசைக்கும்.

இரண்டாவது வகை, ஒவ்வொரு கம்பியின் சுருதியையும் தனித்தனியே அறிந்து, அதற்கேற்ப வேறொரு ஒலியை எழுப்புவது. இதற்கு ஆறு கம்பிகளுக்கும் ஆறு சிறு காந்தங்கள் கொண்ட விசேட பிக்கப் வேண்டும். இவ்வகையைப் பழையதாக வாங்குவோர் மிகவும் கவனிக்க வேண்டியது இணைப்புக் கம்பியையே. ஜி.ஆர்-300 காலத்தவை 24 முனைக் கம்பியையும், பின்வந்தவை 13 முனைக் கம்பியையும் பயன்படுத்துவன. 2023 இல் பொஸ் நிறுவனம் மூன்றாவதொரு முறையை அறிமுகப்படுத்தியது. இவை ஒன்றோடொன்று நேரடியாகப் பொருந்தா. பெட்டி மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பின்னர், அதற்குரிய பிக்கப்பையும் கம்பியையும் தேடி அதைவிடக் கூடுதலாகச் செலவிட நேரிடலாம்.

மூன்றாவது வகை, சாதாரணக் கிற்றாரையும் சாதாரணக் கம்பியையும் ஏற்றுக்கொண்டு, உள்ளேயுள்ள கணினிச் சில்லின் உதவியால் அலையைப் பகுத்தாய்வது. பொஸ் எஸ்.வை-300 (2015), இலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சிந்த்9 (2017), பொஸ் எஸ்.வை-1 (2019) ஆகியன இவ்வகையின. கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு இவ்வகையே பொருத்தமானது. வேறு எப்பொருளையும் வாங்கவேண்டிய தேவை அதில் எழுவதில்லை.

பெட்டி ஏன் தடுமாறுகின்றது?

வாங்கிய முதல் நாளே "இது பழுது" என்று பிள்ளை முறையிடக்கூடும். பெரும்பாலும் பழுது பெட்டியில் இருப்பதில்லை. கிற்றாரின் தடித்த கம்பியின் மீடிறன் ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸ். அதாவது அலையொன்று முடிவடைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் 12 பங்கு நேரம் செல்லும். சுருதியை அறிவதற்கு இரண்டு அலைகளைப் பார்க்கும் கருவியெனின், 24 பங்கு நேரம் காத்திருந்தே ஒலி எழுப்பும். மெல்லிய கம்பி 330 ஹேர்ட்ஸில் அதிர்வதால் அதற்கு ஆறு பங்கு நேரமே போதும். தடித்த கம்பியில் ஒலி பிந்துவதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. புதிய கருவிகள் இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளன. ஆயினும் பழைய கருவிகளில் இது தெளிவாகப் புலப்படும்.

ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் எதிர்பார்க்கும் பெட்டிக்கு, அருகிலுள்ள கம்பியும் சேர்ந்து அதிர்ந்தால் எதைப் பின்பற்றுவதென்று தெரியாது. கரகரத்துத் தடுமாறும். இதற்கு மருந்து பயிற்சியே. கிற்றாரைச் சரியாகச் சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையாலும் இடதுகை விரல்களாலும் அடக்கிப் பழக வேண்டும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தெரிந்தெடுத்து, 'ரோன்' திருகியைச் சற்றுக் குறைத்தால் அலை தூய்மையாகும். ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அளவு விசையுடன் மீட்ட வேண்டும். அலட்சியமான விரலைச் சாதாரண அம்பிளிபயர் மன்னித்துவிடும், இப்பெட்டி மன்னிக்காது. இவ்வகையில் அது கண்டிப்பான ஆசிரியர் எனலாம்.

பல பெடல்கள் இருப்பின் வரிசையும் முக்கியம். சுருதி பார்க்கும் கருவியை அடுத்து, கிற்றாருக்கு மிக அருகில் சிந்தசைசர்ப் பெடல் இருக்க வேண்டும். கரகரப்பூட்டும் பெடல் அதற்குப் பின்னரும், எதிரொலி தருபவை இறுதியிலும் அமைதல் நன்று. முதலிலேயே சிதைந்துபோன அலையைப் பெட்டியால் இனங்காண முடியாது.

மின்சாரத்தில் கவனம்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குவன. அவற்றின் செருகியில் நடுமுனை எதிராக இருக்கும். எனினும் விதிவிலக்குகள் உண்டு. பெட்டியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டையும் மின் வழங்கியின் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகக் கூடாது. வோல்ற் அளவு கூடினாலோ முனை மாறினாலோ பெட்டி எரிந்துபோகலாம். மில்லி அம்பியர் அளவு, பெட்டி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர் அன்போடு அனுப்பிவைக்கும் பொருட்களில் இன்னொரு ஆபத்துண்டு. அங்கு சுவர் மின்சாரம் 120 வோல்ற். ஐரோப்பாவில் 230 வோல்ற். அங்கிருந்து வந்த மின் வழங்கியில் '100-240' என்று எழுதப்பட்டிருந்தால் பயன்படுத்தலாம். '120' என்று மட்டும் இருப்பின் செருகியின் வடிவத்தை மாற்றுவதால் பயனில்லை, எரிந்துவிடும். பெடலை வைத்துக்கொண்டு, மின் வழங்கியை இங்கே புதிதாக வாங்குவதே வழி. வால்வுகள் கொண்ட பழைய அம்பிளிபயர்களைப் பிள்ளைகள் திறந்து பார்க்க ஒருபோதும் இடமளிக்கலாகாது. மின்னைத் துண்டித்த பின்னரும் நூற்றுக்கணக்கான வோல்ற் அவற்றினுள்ளே தங்கியிருக்கக் கூடும்.

அயலவரும் செவியும்

மாடிக் குடியிருப்பில் வாழும் எமது குடும்பங்களுக்கு அயலவரின் முறைப்பாடு என்பது ஒரு பெரும் மனவுளைச்சல். சிந்தசைசர்ப் பெடல்கள் பல, ஒரு ஸ்தாயி கீழான ஒலியையும் சேர்ப்பவை. 82 ஹேர்ட்ஸ் கம்பி அப்போது 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். இத்தகைய ஆழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் எளிதில் ஊடுருவும். அறைக்குள் இருப்பவருக்கு மெதுவாகக் கேட்பது கீழ்வீட்டவருக்கு முழக்கமாகப் படும். அம்பிளிபயரை நிலத்தில் வைக்காது தடித்த நுரைப்பஞ்சின்மேல் வைத்தால் ஓரளவு குறையும். காதணி ஒலிவாங்கியை இணைக்கக்கூடிய சிறு அம்பிளிபயரே சிறந்தது.

காதில் மாட்டிக்கொண்டாலும் அளவு வேண்டும். 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கேட்கலாம் என்பது தொழிற் பாதுகாப்பில் பின்பற்றப்படும் அளவுகோல்களுள் ஒன்று. அதன்படி, ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடமே எல்லை. இழந்த செவிப்புலனை எப்பெட்டியும் மீட்டுத் தராது.

இது ஏமாற்று வித்தையா?

"விரல் செய்யவேண்டியதை மெசின் செய்கிறது; இது எப்படி இசையாகும்?" என்று மூத்தோர் கேட்பதுண்டு. அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. இன்று கர்நாடக இசையின் பிரிக்கமுடியாத அங்கமாகிய வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதனைப் பயின்று எமது இசைக்குள் கொணர்ந்தார். மின்மண்டலினைக் கச்சேரி மேடையில் ஏற்றிய யூ. சிறீநிவாஸ் (1969–2014) எமது காலத்தவர். இவர்களது கருவிகள் ஏற்கப்பட்டமைக்குக் காரணம், அவற்றில் கமகம் பேசியமையே.

மறுபுறத்தில், ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940 இல் விதித்த தடை 1971 இலேயே தளர்த்தப்பட்டது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே அதனால் வழுக்கிச் செல்ல முடியாது என்பது அத்தடைக்குக் கூறப்பட்ட முக்கிய காரணங்களுள் ஒன்று. இதே குறை சில சிந்தசைசர்ப் பெட்டிகளிலும் உண்டு. கம்பியை இழுத்து வளைத்தாலும் ஒலியை அரைச்சுரப் படிகளாகவே மாற்றித்தரும் அமைப்பு அவற்றில் இருக்கும். அதனை நிறுத்திவிட்டால் விரலின் ஒவ்வோர் அசைவையும் ஒலி பின்தொடரும். கடையில் பரீட்சித்துப் பார்க்கும்போது, கம்பியை மெல்ல வளைத்து ஒலியும் வளைகின்றதா என்று கவனிக்கும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வாய்ப்பாட்டு அறிந்த அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால், அச்சோதனைக்கு அவரைவிடத் தகுதியானவர் வேறு எவருமிலர்.

ஒலி மெதுவாக எழும்படி அமைத்தால், மீட்டும் ஓசை மறைந்து வில் கொண்டு இழுத்தது போன்ற நாதம் பிறக்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களை ஒரே கம்பியில் இவ்வாறு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலியைப் பிடித்துவைத்து நீட்டிக்கும் பெடல்களும் உண்டு. ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அதில் நிறுத்திவிட்டால் சுருதிப்பெட்டி ஆயிற்று. சனிக்கிழமை தோறும் சங்கீத வகுப்புக்குப் போகும் தங்கையும், அறைக்குள் கிற்றாரோடு இருக்கும் அண்ணனும் ஒரே சுருதியில் சேர்ந்திருக்க இது வழிசெய்யும்.

என்ன முடிவு செய்வது?

எமது கருத்து இதுவாகும். கிற்றார் கையில் வந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னர் இப்பெட்டி தேவையில்லை. ஓராண்டுக்குப் பின்னரும் பிள்ளை நாள்தோறும் வாசிக்கின்றதெனின், அக்கோரிக்கை ஆசை மட்டுமன்று. அதனை மதிக்க வேண்டும். ஒன்று போதும், நான்கு வேண்டியதில்லை. பாவித்த பெடல்கள் நல்ல நிலையில் பாதி விலைக்கும் கிடைப்பதுண்டு. ஆனால் சொந்தக் கிற்றாரைக் கொண்டுசென்று, எல்லாத் திருகிகளையும் திருப்பி, கால் ஆழியைப் பலமுறை அழுத்திப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் இரவலாகப் பெற்றுப் பார்க்க முடியுமா என்று இசைப் பாடசாலையிலும் இளைஞர் மன்றத்திலும் விசாரித்தல் நன்று. விலையில் ஒரு பகுதியைப் பிள்ளை தனது விடுமுறை வேலைப் பணத்திலிருந்து தருவதென்ற உடன்பாடும் நல்லதே. தான் உழைத்து வாங்கிய பொருளை எவரும் மூலையில் போடுவதில்லை.

இயலாத குடும்பங்கள் இயலாது என்றே பிள்ளையிடம் சொல்லலாம், அதில் வெட்கமில்லை. மாதச் செலவுக் கணக்கை மேசையில் விரித்துக் காட்டி, எப்போது இயலும் என்று சேர்ந்து கணக்கிட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். "அது என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லித் தா, தம்பி" என்று தந்தை கேட்பதற்குச் செலவேதுமில்லை. விலையைப் பற்றிய பேச்சை அதன் பின்னர் தொடங்குங்கள்.